தலை சுருட்டக் கிழித்த வேட்டி

என் செத்தவீட்டுக்கு வந்தவர்களுக்கு என் கையாலேயே தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தவள் நான். சீனி போதுமா என்றும் கேட்டேன். இந்தப் பெருமை எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. எனக்கு வாய்த்ததற்குக் காரணம் என் தலைமுடி.

என் முடி நேர்முடி. நேர் என்றால் சாதாரண நேர் இல்லை, அடிமட்டம் வைத்துக் கீறிய நேர். (நான் வீட்டுப் படம் கீறும் வேலை செய்கிறவள். எனக்கு வேறு உவமை தெரியாது.) பின்னினால் அவிழும். கொண்டை போட்டால் சரியும். காலையில் பூ வைத்தால் மத்தியானம் அது தோளுக்கு இறங்கியிருக்கும், பின்னேரம் எந்த பஸ்ஸில் விழுந்தது என்று தெரியாது. ஆகவே பதினாறு வயதிலிருந்து ஒரே மாதிரி இறுக்கி இழுத்து, பின்னுக்கு ஒரு கொண்டை. பிள்ளைகள் கீறும் படத்தில் ரீச்சருக்கு இருக்குமே, அந்தக் கொண்டை.

இது நடந்தபோது நான் உடுவிலில் எங்கள் வீட்டில் தனியாக இருக்கத் தொடங்கி இரண்டாவது வருடம். அப்பா போய்ச் சேர்ந்த பிறகு அம்மா கனடாவுக்கு அண்ணையிடம் ஆறு மாதத்துக்கென்று போனார். கனடாவில் ஆறு மாதம் முடிய எவ்வளவு காலம் எடுக்கும் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. வீட்டில் நானும் ஒரு குளிர்சாதனப் பெட்டியும் மிஞ்சினோம். இருவரில் அதுதான் அதிகம் சத்தம் போடும்.

என் வேலை யாழ்ப்பாண நகரத்தில். வெளிநாட்டில் இருப்பவர்கள் ஊரில் கட்டும் வீடுகளுக்குப் படம் கீறிக் கொடுப்பேன். ஐந்து அறை, ஒவ்வொரு அறைக்கும் குளியலறை, மேலே ஒரு பல்கனி. கட்டி முடிந்ததும் குடிபூரலுக்கு வருவார்கள், பால் காய்ச்சுவார்கள், பூட்டிவிட்டுத் திரும்பிப் போவார்கள். பகலெல்லாம் ஆளில்லாத வீடுகளைக் கீறிவிட்டு, ஒரே ஒரு ஆள் இருக்கிற வீட்டுக்குப் பின்னேரம் திரும்பி வருவேன். வெள்ளிக்கிழமை மூடிய வாய், சில வேளை திங்கட்கிழமை காலை பஸ்ஸில் கொண்டக்டரிடம் "ரவுண் ஒண்டு" என்று சொல்லத்தான் திறக்கும். அதற்குள் தொண்டை துருப்பிடித்திருக்கும். செருமிவிட்டுத்தான் சொல்ல வேண்டும்.

அயலவர்கள் இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தார்கள். எங்கள் ஒழுங்கை ஒடுக்கமான ஒரு சின்னத் தெரு, அதில் எதிர்வீடு பரிமளக்காவுடையது. அவவும் தனியாள்தான், ஒரே மகள் ஜேர்மனியில். ஆனால் நானும் அவவும் கதைப்பதில்லை. காரணம் ஒரு பலாமரக் கொப்பு. அவவின் பலா ஒழுங்கையைத் தாண்டி எங்கள் கூரைமேல் ஒரு கொப்பை நீட்டி, மழைத்தண்ணி ஓடும் பீலி முழுக்க இலையைக் கொட்டிக்கொண்டிருந்தது. அவ கோவிலுக்குப் போன ஒரு வெள்ளிக்கிழமை ஆள் பிடித்து நான் அந்தக் கொப்பை வெட்டுவித்துவிட்டேன். கொப்பில் பிஞ்சு இருந்ததை வெட்டி விழுந்த பிறகுதான் பார்த்தேன். அன்றிலிருந்து அவ தன் வாசலைக் கூட்டும்போது எனக்கு முதுகைத்தான் காட்டுவா. நானும் படலை திறக்கும்போது வானத்தைப் பார்ப்பேன். ஒரு ஒழுங்கை, இரண்டு பொம்பிளைகள், ஒரு கொப்பு. ஒரு சொல் சொன்னால் தீர்ந்திருக்கும். அதை யார் முதலில் சொல்வது என்பதில்தான் இரண்டு பேரும் உறுதியாக இருந்தோம்.

அந்த நேரத்தில்தான் அண்ணையின் மகள் அபி பெரியபிள்ளை ஆனாள். அண்ணை ரொறன்ரோவில் பெரிய மண்டபம் எடுத்துச் சாமத்தியவீடு செய்ய ஒழுங்குபண்ணினார். எங்கள் வழக்கப்படி தகப்பனின் சகோதரி, அதாவது மாமி, அங்கே நிற்க வேண்டும். பிள்ளைக்குத் தண்ணீர் வார்ப்பதும் அவள்தான், முதலில் ஆராத்தி எடுப்பதும் அவள்தான். அபிக்கு இருக்கும் ஒரே மாமி நான். எனவே விசாவுக்குப் போட்டேன். மறுத்துவிட்டார்கள். போனால் திரும்பி வரும் அளவுக்கு எனக்கு ஊரில் போதிய பிடிப்பு இல்லையாம். அவர்கள் சொன்னது பொய்யில்லை. ஆனாலும் முன்பின் தெரியாத ஒருவர், என் வீட்டுக்கு ஒரு நாளும் வராதவர், அதைக் கண்டுபிடித்துச் சொன்னது எனக்குக் கனநாள் வலித்தது.

"நீ அதுக்கேன் அழுறாய்," என்றார் அண்ணை போனில். "மண்டபத்திலை பெரிய திரை போடுறம். நீ வீட்டிலை இருந்து வீடியோவிலை வா. ரெண்டு நிமிசம் வாழ்த்திப் பேசு. எல்லாரும் பாப்பினம்."

எல்லோரும் பார்ப்பார்கள். அந்தச் சொல்லை நான் பிடித்துக்கொண்டேன். சும்மா நாளில் ஒருவரும் பார்க்காத ஒருத்திக்கு அது சின்ன விஷயம் இல்லை. பேசுவதற்கு வசனம் எழுதி, குளிர்சாதனப் பெட்டிக்கு முன்னால் நின்று பேசிப் பழகினேன். 'அபிக்குட்டி, நீ பிறந்தபோது உன்னைத் தூக்க மாமி அங்கே இல்லை. நீ நடந்தபோதும் இல்லை. ஆனால் உனக்கு இங்கே ஒரு மாமி இருக்கிறாள்.' இந்த இடத்தில் குரல் உடையும் என்று தெரியும். உடையட்டும் என்று விட்டிருந்தேன்.

எல்லாம் சரியாகத்தான் போயிருக்கும். அதற்கு முந்தின வாரம் வீடியோவில் அபி ஒரு வசனம் சொல்லாமல் இருந்திருந்தால்.

"மாமி, உங்கடை ஹெயார் ஏன் எப்பவும் சேமா இருக்கு?"

பிள்ளை சும்மாதான் கேட்டது. என் மச்சாள், அதாவது அண்ணையின் மனைவி, பின்னால் நின்று, "மாமி ஊரிலை எல்லோ, அங்கை உதெல்லாம் செய்யிறேல்லை," என்று எனக்காகப் பரிந்து பேசினா. அந்தப் பரிவுதான் என்னைக் கிளப்பிவிட்டது. அவர்கள் வீட்டுப் படங்களில் எல்லோர் தலையிலும் சுருள் சுருளாக முடி தோளில் விழும். அம்மாவின் தலையைக்கூடச் சுருட்டிவிட்டிருந்தார்கள். ஊரில் இருக்கிற மாமியும் சுருட்டுவாள் என்று காட்டிவிடுவது என்று முடிவெடுத்தேன்.

சூட்டில் சுருட்டும் கருவி எனக்கு ஆகாது. கம்பஸ் காலத்தில் அறைத்தோழியின் கருவியை இரவல் வாங்கிச் சுருட்டப் போய், முடி நேராகவே இருந்தது, காதுதான் சுருண்டது. சலூனுக்குப் போகலாம் என்றால், மண்டபத்தில் அவர்களுக்கு இரவு என்றால் எங்களுக்கு விடியற்காலை. அந்நேரத்தில் எந்தச் சலூன்காரி திறப்பாள்? அப்போதுதான் போன் தானாகவே ஒரு வீடியோவைக் காட்டியது. சூடு இல்லாமல் ஒரே இரவில் சுருள்முடி. ஒரு பெண் பழைய பருத்தித் துணியை நாடாவாகக் கிழித்து, ஈரமுடியைப் பிரித்துப் பிரித்து அதில் சுற்றி, முடிச்சுப் போட்டுப் புன்னகையோடு தூங்குகிறாள். புன்னகையோடு எழும்புகிறாள். அவிழ்க்கிறாள். தென்னம்பாளை வெடித்தது போல முடி விரிகிறது. இவ்வளவுதானா என்று நினைத்தேன்.

பழைய பருத்தித் துணி என்று வீட்டில் மிஞ்சியிருந்தது அப்பாவின் வேட்டிதான். அலுமாரியிலிருந்து எடுத்து மடியில் வைத்து, மனதுக்குள் அப்பாவிடம் கேட்டேன். அவர் மறுத்து ஒன்றும் சொல்லவில்லை. உயிரோடு இருந்த காலத்திலும் அப்பா எனக்கு மறுத்து ஒன்றும் சொன்னதில்லை. அளந்து, பென்சிலால் கோடு போட்டு, ஒரே அகலத்தில் கிழித்தேன். நான்கு முழ வேட்டி. என் தலைக்குத் தேவையானது அதில் கால்வாசிதான் என்பதைக் கிழிக்கும் சுகத்தில் மறந்துவிட்டேன்.

நாடாக்களில் பூச்சி உருண்டை மணத்தது. சவுக்காரம் போட்டு அலசினேன். அது ஒரு சனிக்கிழமை, மறுநாள் விடியத்தான் நான் திரையில் வர வேண்டும். அதற்கு முதல் இரண்டு நாளும் மழை. எங்கள் வளவுக்குள் கொடி கட்டியிருப்பது மாமரத்துக்குக் கீழே, அங்கே வெயில் எட்டாது. வெயில் விழுந்த ஒரே இடம் வீட்டு முன்பக்கம், ஒழுங்கை ஓரம். எனவே படலைத் தூணிலிருந்து ஒழுங்கை முடக்கில் நிற்கும் லைற் போஸ்ற் வரைக்கும் ஒரு கயிறு இழுத்துக் கட்டினேன். நாடாக்கள் காற்றில் சுருண்டு சிக்காமல் இருக்க, ஒவ்வொன்றையும் கயிற்றில் தனித்தனியாக முடிந்து தொங்கவிட்டேன். ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரே இடைவெளி. (தொழில் புத்தி.) தள்ளி நின்று பார்த்தேன். ஒழுங்கை நீளத்துக்கு வெள்ளை வெள்ளையாக, காற்றில் மெல்ல ஆடிக்கொண்டு, வடிவாகத்தான் இருந்தது. எங்கேயோ பார்த்த மாதிரியும் இருந்தது. எங்கே என்று யோசிக்காமல் உள்ளே போனேன்.

எங்கே என்று வெளியூர் வாசகர்களுக்கு நான் சொல்லத்தான் வேண்டும். எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால், வழி தெரியாதவர்களும் வந்து சேர்வதற்காக, ஒழுங்கையிலிருந்து வீட்டுப் படலை வரைக்கும் கயிறு இழுத்து வெள்ளைத் துணித் துண்டுகள் கட்டுவார்கள். அதைக் கண்டால் சைக்கிளில் போகிறவர் இறங்கி உருட்டுவார். ரேடியோ போட்டிருக்கிற வீடு ரேடியோவை நிற்பாட்டும். இந்த ஊரிலேயே பிறந்து, எத்தனையோ செத்தவீட்டுக்கு அந்த வெள்ளையைப் பிடித்துக்கொண்டு நடந்து போன எனக்கு அது நினைவில் வரவில்லை. தலைக்கு மேலே இருந்த ஆசை தலைக்கு உள்ளே ஒன்றையும் விட்டுவைக்கவில்லை.

பொழுதுபட முதல் தலைக்குத் தேவையானதை மட்டும் அவிழ்த்தெடுத்தேன். மிச்சத்தை நாளைக்கு எடுக்கலாம் என்று விட்டேன். ஒழுங்கைச் சனம் கோவில் திருவிழாவுக்குப் போயிருந்ததால் அன்று பகல் அது ஒருவர் கண்ணிலும் படவில்லை. வீடியோப் பெண் லேசான ஈரம் போதும் என்றிருந்தாள். எனக்கு லேசு என்பதில் நம்பிக்கை இல்லை. கிணற்றடியில் தலைமுழுகி, சொட்டச் சொட்டச் சுற்றி, ஒவ்வொன்றுக்கும் இரட்டை முடிச்சுப் போட்டேன். கண்ணாடியில் பார்த்தால், கத்தரித் தோட்டத்தில் காகத்துக்குக் கட்டும் வெருளி மாதிரி இருந்தேன். நானே சிரித்தேன். சிரித்த சத்தம் வீட்டுக்குள் போய்த் திரும்பி வந்தது. பிறகு சிரிக்கவில்லை.

கரண்ட் போய்விட்டது. விசிறி இல்லை. நாடா காயவில்லை. ஈரப் பருத்தியில் போட்ட இரட்டை முடிச்சு விடியும்போது என்ன பதத்தில் இருக்கும் என்று வேலி கட்டியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். எழும்பி அவிழ்க்கத் தொடங்கினால் நகம்தான் போனது. கத்திரிக்கோலால் வெட்டலாம் என்றால் துணியோடு முடியும் வரும். போராடிப் போராடி வலப்பக்கத்தில் மூன்று முடிச்சை மட்டும் அவிழ்த்தேன்.

உண்மையைச் சொல்ல வேண்டும், அந்த மூன்றும் சுருண்டிருந்தன. என் முடி, என் வாழ்நாளில் முதல் முறையாக, காதுக்குப் பக்கத்தில் சுருண்டு தொங்கியது. விரலால் இழுத்து விட்டேன், திரும்பவும் சுருண்டது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஓடிப்போய் யாரிடமாவது காட்ட வேண்டும் போல இருந்தது. வீட்டில் கண்ணாடிதான் இருந்தது. அதற்கு ஏற்கெனவே தெரியும்.

அப்போது போன் அடித்தது.

"அடுத்தது நீதான்," என்றார் அண்ணை. பின்னால் மேளச்சத்தம். "ரெடியோ?"

"ஓம்," என்றேன். வேறு என்ன சொல்வது? மச்சாள் அனுப்பிய மாம்பழ மஞ்சள் பட்டுச்சேலையை முதலே உடுத்திருந்தேன். அதன் தலைப்பை எடுத்துத் தலையைச் சுற்றி முக்காடு போட்டேன். வீடியோவுக்குப் போதிய சிக்னல் வருகிற ஒரே இடம் விறாந்தையை ஒட்டிய முன்னறை. வெளிச்சத்துக்காக முன்கதவைத் திறந்துவிட்டு, மேசைமேல் போனைச் சாத்திவைத்து, கதவுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தேன். வீட்டுப் படத்தில் எந்தக் கதவு எங்கே பார்க்க வேண்டும் என்று ஊருக்கெல்லாம் சொல்லிக் கொடுக்கிறவள் நான்.

போனில் மண்டபம் தெரிந்தது. எத்தனையோ மேசைகள், எத்தனையோ சேலைகள், மேடையில் சிம்மாசனம் மாதிரி ஒரு கதிரை, அதில் நகைக்குள் புதைந்து அபி. ஒலிவாங்கியோடு ஒரு அறிவிப்பாளர். அவருக்கு வானொலிக் குரல்.

"இதோ, எமது தாயகத்திலிருந்து நேரடியாக எம்மோடு இணைகிறார், செல்வி அபியின் அன்பு மாமி."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் கும்பிட்டேன். கும்பிடக் கையை உயர்த்தியதும், முக்காட்டைப் பிடித்திருந்த கை இல்லாமல் போனது. பட்டுத் தலைப்பு வழுக்கி முதுகுக்குப் போயிற்று.

மண்டபம் அடங்கிப் போனது. வெள்ளை முடிச்சுகள் எல்லாப் பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும் என் தலை, அந்தப் பெரிய திரையில், ஒரு லொறி அளவில் நின்றது. அண்ணை கண்ணை மூடுவதைப் பார்த்தேன். அறிவிப்பாளர் மட்டும் கலங்கவில்லை. அந்தத் தொழிலுக்கு அப்படி ஒரு நெஞ்சுரம் வேண்டும்.

"அன்பானவர்களே," என்றார், "நாம் புலம்பெயர்ந்து வந்து மறந்துவிட்ட எத்தனையோ பாரம்பரியங்கள். தலையில் வெள்ளை முடிந்து மருமகளை வாழ்த்துகின்ற இந்த மரபை மாமி இன்றும் காத்து வருகிறார்."

கைதட்டினார்கள். முன்வரிசையில் ஒரு வயதான அம்மா பக்கத்து ஆளிடம் ஓம் ஓம் என்று தலையாட்டினா. இன்றும் ரொறன்ரோவில் சில பேர் அதை நம்பிக்கொண்டிருக்கிறார்களாம்.

நான் மூச்சை இழுத்தேன். 'அபிக்குட்டி' என்று தொடங்க வாயைத் திறந்தேன். அந்த நேரம் பார்த்து எனக்குப் பின்னால், வாசலில், ஒரு குரல் எழுந்தது.

"என்ரை தங்கச்சி, எங்களை விட்டிட்டுப் போட்டியோடி?"

பரிமளக்கா. வாசல் கூட்ட வந்தவ ஒழுங்கையில் வெள்ளையைக் கண்டு, விளக்குமாற்றைப் போட்டுவிட்டு அப்படியே ஓடி வந்திருக்கிறா. நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் இருந்துவிட்டா. என்னைப் பார்க்கவில்லை, முகத்தைக் கையால் மூடியிருந்தா.

"ஒரு கொப்புக்காக உன்னோடை கதையாமல் இருந்தனே. நீ லைற் போடுறாயோ எண்டு பாத்துப் பாத்துத்தானேடி நான் படுக்கிறனான். கதவைத் தட்டி ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாமே. இஞ்சை ஒருத்தரும் இல்லாமல் தனியக் கிடந்து போட்டியே."

நான் திரும்பிப் பார்க்க முடியாமல் இருந்தேன். எல்லாவற்றையும் போனின் மூலையில் தெரிந்த என் சின்னப் படத்தில்தான் கண்டேன். அவவுக்குப் பின்னால் ஒழுங்கைச் சனம் ஒவ்வொருவராக, செருப்பைக் கழற்றிவிட்டு, செத்தவீட்டுக்குரிய அந்த மெல்லிய நடையில் விறாந்தைக்கு ஏறிக்கொண்டிருந்தது. எல்லோருக்கும் முன்னால் தவம் அண்ணை. எங்கள் பகுதியில் நல்லது கெட்டது எதுவென்றாலும் பந்தலும் கதிரையும் ஒழுங்குபண்ணுகிறவர் அவர்தான். போனைக் காதில் வைத்து, "ஓம், பொம்பிளைப் பிள்ளைதான். வீட்டிலை வேறை ஒருத்தரும் இல்லை. சவப்பெட்டி நடுத்தரமாப் பாருங்கோ," என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

இதெல்லாம் ரொறன்ரோவில் திரையில் ஓடிக்கொண்டிருந்தது என்பதை மறந்துவிட வேண்டாம்.

அம்மா கதிரையை விட்டு எழும்பி மேடைக்கு ஓடி வந்ததைப் பார்த்தேன். அறிவிப்பாளரின் கையிலிருந்து ஒலிவாங்கியைப் பறித்தார். "பரிமளம், ஆர் செத்தது? ஆரடி செத்தது?"

பரிமளக்கா குரல் வந்த திசைக்கு நிமிர்ந்தா. போனில் அம்மாவைக் கண்டா. "அக்கா, என்னெண்டு சொல்லுவன் அக்கா, உங்கடை மோள்தான்," என்றா. சொல்லிவிட்டு, மேசைக்கு முன்னால் மஞ்சள் பட்டு உடுத்து இருந்த முதுகையும், அதன் மேலே வெள்ளை கட்டிய தலையையும் அப்போதுதான் கண்டா. வாய் திறந்தபடி நின்றுவிட்டது.

திரையில் என்னைப் பார்த்துக்கொண்டே அம்மா அழத் தொடங்கினார். அபி சிம்மாசனத்திலிருந்து எழும்பிவிட்டாள். எனக்கு எழுதிப் பழகிய வசனம் ஒன்றும் வரவில்லை. இரண்டு கையையும் உயர்த்தி, கடலுக்கு அப்பால் இருக்கிற ஒரு மண்டபம் முழுவதற்கும் கேட்கும்படி கத்தினேன்.

"அம்மா, நான் இருக்கிறன். நான் இருக்கிறன் அம்மா. நான் இருக்கிறன்."

அதோடு டேட்டா முடிந்து படம் நின்றுவிட்டது. என் வாழ்த்துரை அவ்வளவுதான்.

போன் இருண்டது. பிறகு பரிமளக்கா எழும்பி வந்தா. என் கன்னத்தைத் தொட்டா, சூடு இருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி. அடுத்ததாகத் தோளில் ஒரு அடி போட்டா. நல்ல அடி.

"விசர்ப் பெட்டை. உது என்ன தலை?"

"சுருட்டினனான் அக்கா."

"ஒழுங்கையிலை கிடக்கிற வெள்ளை?"

"அது மிச்சத் துணி. காயப்போட்டனான்."

தவம் அண்ணை போனைக் காதிலிருந்து எடுத்தார். முழு ஏற்பாடும் நல்ல வேகத்தில் போய்க்கொண்டிருந்த மனிதர். "அப்ப பெட்டியை வேண்டாம் எண்டு சொல்லட்டோ?" என்று கேட்டார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

கயிற்றில் வெள்ளை கட்டியது யார் என்று ஏன் ஒருவரும் யோசிக்கவில்லை என்று பின்னொருநாள் அவரைக் கேட்டேன். "யோசிச்சனான்," என்றார். "நீ ஆருக்கும் கரைச்சல் குடுக்காத பிள்ளை. உனக்குச் சுகமில்லை எண்டு தெரிஞ்சு நீயே கட்டிப்போட்டுப் படுத்திருப்பாய் எண்டு நினைச்சன். அவ்வளவு அளவாக் கட்டியிருந்தது." என்னைப் பற்றி யாரும் சொன்ன புகழ்ச்சிகளில் எனக்கு மிகவும் பயம் தந்தது அதுதான்.

வந்த சனத்துக்கு உடனே திரும்பிப் போகவும் கூச்சம். செத்தவீட்டுக்கென்று வெளிக்கிட்டு வந்து, ஆள் சாகவில்லை என்றவுடன் போனால் மரியாதை இல்லைத்தானே. எனவே விறாந்தையில் குந்தினார்கள். நான் தேத்தண்ணி வைத்தேன். வீட்டிலிருந்த கோப்பைகள் போதவில்லை. அந்த வீட்டில் கோப்பை போதாமல் போனது அப்பாவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குப் பிறகு அன்றைக்குத்தான்.

பரிமளக்கா என்னை வாசல்படியில் இருத்தி, தான் மேல்படியில் இருந்துகொண்டு, ஒரு சாக்கூசியை எடுத்து முடிச்சுகளை ஒவ்வொன்றாக நெகிழ்த்தினா. எவ்வளவு நேரம் என்று தெரியாது. என் தலையை இன்னொருவர் கை தொட்டு எவ்வளவோ காலமாகியிருந்தது. நான் வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டே அழுதேன். வலிக்கவில்லை. அவவுக்கும் அது தெரியும், ஆனாலும், "சரி சரி, இன்னும் கொஞ்சம்தான்," என்றா.

"கொப்பிலை பிஞ்சு இருந்ததைக் காணேல்லை அக்கா," என்றேன்.

"உன்ரை பீலி அடைச்சது எனக்கும் தெரியும்," என்றா. கொப்புப் பிரச்சினை அதோடு தீர்ந்தது.

அவிழ்த்து முடிந்தபோது முன்தலை பாதி சுருண்டும் பாதி நெளிந்தும், பின்பக்கம் பழையபடி அடிமட்டமாகவும் இருந்தது. விறாந்தையில் இருந்தவர்கள் வடிவு என்றார்கள். செத்தவளிடம் வேறு எதைச் சொல்வது. மத்தியானம் ஆவதற்குள் கடைசிச் சுருளும் நேராகிவிட்டது. ஆனால் அதை ஒழுங்கை முழுக்கப் பார்த்திருந்தது.

சாமத்தியவீட்டு வீடியோவை எடுத்தவர் அந்தப் பகுதியை வெட்டாமல் விட்டிருக்கிறார். அண்ணைக்கு முதலில் கோபம், பிறகு அவர்தான் வருகிறவர்களுக்கெல்லாம் போட்டுக் காட்டினார். அங்கே எங்கள் சொந்தத்தில் இப்போது யாராவது போனை எடுக்கத் தாமதித்தால், எடுத்தவுடன் சொல்கிற சொல், "அம்மா, நான் இருக்கிறன்." அபிக்கு அந்த நாளில் பிடித்த இடம் அதுதானாம். "எல்லாரும் அழுதிச்சினம் மாமி. எனக்கு மட்டும் சிரிப்பு வந்தது," என்றாள். ஒவ்வொரு சனிக்கிழமையும் அவளிடமிருந்து ஒரு செய்தி வரும். 'மாமி, இருக்கிறீங்களா?' நான் 'இருக்கிறன்' என்று அனுப்புவேன். பகிடிதான். ஆனால் அந்தப் பகிடி வரும்வரை நான் போனைக் கீழே வைப்பதில்லை.

ஒழுங்கைச் சனம் ஒரு கிழமைக்கு என்னைக் கண்டால் நின்று கதைத்தது. பிறகு அவரவர் வேலை. பரிமளக்கா மட்டும் தினமும் வாசல் கூட்டும்போது எங்கள் படலையில் விளக்குமாற்றால் ஒரு தட்டுத் தட்டுவா. "இருக்கிறியோ?" நான் குசினியிலிருந்து, "இருக்கிறன் அக்கா," என்பேன். அந்த ஒரு கேள்விக்காக நான் விடியவே எழும்பப் பழகினேன். போன வருடம் மகள் அவவை ஜேர்மனிக்குக் கூப்பிட்டுவிட்டாள். ஆறு மாதத்துக்கு என்று சொல்லித்தான் போனா.

இப்போது எதிர்வீடும் பூட்டு. பலா புதுக் கொப்பு விட்டு எங்கள் கூரைக்கு வந்துவிட்டது. நான் வெட்டவில்லை.

அப்பாவின் வேட்டியில் மிஞ்சிய நாடாக்களை நான் எறியவில்லை, மடித்து அலுமாரியில் வைத்திருக்கிறேன். அண்மையில் ஒரு சனி முழுக்க நான் வாய் திறக்கவில்லை. அபியின் செய்தியும் வரவில்லை, பிள்ளைக்குப் பரீட்சை. ஞாயிறு காலை அலுமாரியைத் திறந்து ஒரே ஒரு நாடாவை எடுத்தேன். தூசு பிடித்திருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு அலசினேன். படலைத் தூணில் கட்டிவிட்டு உள்ளே வந்து இருந்தேன்.

நாடா காயவில்லை. அதற்குள் படலையில் சைக்கிள் மணி கேட்டது. தவம் அண்ணை, இறங்காமல் ஒரு காலை ஊன்றி நின்றார்.

"பிள்ளை, இருக்கிறியோ? இல்லாட்டி ஆக்களுக்குச் சொல்லட்டோ?"

"இருக்கிறன் அண்ணை," என்றேன். குரல் கரகரத்தது. செருமிவிட்டு மறுபடியும் சொன்னேன். "உள்ளுக்கு வாங்கோ. தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகலாம்."

அவர் தூணில் ஆடிய நாடாவைப் பார்த்தார், என் நேரான தலையைப் பார்த்தார். சைக்கிளை மதிலில் சாத்திவிட்டு வந்து விறாந்தையில் இருந்தார். நான் தேத்தண்ணியைக் கொடுத்துவிட்டு, சீனி போதுமா என்று கேட்டேன்.